பதினோரு வீட்டு நோட்டு

அது என் கையெழுத்து. மேடைக்குப் பின்னால் தொங்கும் வெள்ளைத் திரையில் ஓட்டுவீட்டுச் சுவர் அகலத்துக்கு நிற்கிறது. பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை, ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு பட்டை, இத்தனையும் மறைத்தவர்கள் கையெழுத்தை மறைக்கவில்லை. எட்டு என்ற எண்ணை நான் குண்டுப் பொம்மை மாதிரி போடுவேன், தலை சின்னது, வயிறு பெரிசு, இதுக்குப் பாவாடை கட்டிவிட்டா போதும்டி என்று ஒன்பதாவதில் கணக்கு டீச்சர் சிரித்திருக்கிறார், அந்தப் பொம்மைகள்தான் இடது பக்கத்துத் தாளில் வரிசை கட்டி நிற்கின்றன. எட்டு, எட்டு, ஏழரை, எட்டு. வலது பக்கத்தில் இன்னொரு தாள். அதில் பொம்மைகளே இல்லை. அரை, ஒன்று, சைபர், அரை, ஒன்றரை. இரண்டு தாளுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு மேலேயிருந்து கீழே சரிகிறது, சறுக்குமரம் மாதிரி. மடியில் இருக்கும் பாப்பா அதைப் பார்த்துக் கையை நீட்டி "ஏ" என்கிறாள். துணைவேந்தர் மைக்கில் சொல்கிறார், நம்முடைய பேராசிரியர் அருந்தவச்செல்வி அவர்களை உலகமே திரும்பிப் பார்த்தது இந்தக் கோட்டினால்தான். கை தட்டுகிறார்கள். நானும் தட்டினேன். பாப்பாவின் கையைப் பிடித்து அவளையும் தட்டவைத்தேன். அதற்கப்புறம்தான் மறுபடி நிமிர்ந்து பார்த்தேன். வலது பக்கத்துத் தாள். அது எந்த வருஷத்துத் தாள்?

லூர்து அக்கா முழங்கையால் இடித்தாள். "என்னடி, சாமி வர்றவ மாதிரி முழிக்கற? பொன்னாடையத் தொலைச்சிட்டயா?" இல்லை, பை காலடியில்தான் இருக்கிறது, பொன்னாடை அதற்குள் சலசலக்கிறது. இன்றைக்கு மேடத்துக்குப் பணிநிறைவு விழா, வேளாண் பொருளாதாரத் துறையில் முப்பத்து நாலு வருஷம், நான் அந்தத் துறையில் ஆறு வருஷமாகக் கிராமக் கணக்கெடுப்பாளர், ஆய்வு நடந்த ஊரிலிருந்தே வந்தவள் என்பதால் ஊரின் சார்பாகப் பொன்னாடை போடுகிற பொறுப்பு எனக்கு. லூர்துமேரி அக்கா துறையின் தட்டச்சர், மேடம் ஆங்கிலத்தில் எழுதினதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. "அக்கா, அந்த வலது பக்கத்துத் தாள் எந்த வருஷம்?" "போர்க்கிணறு போட்ட வருஷம்டி. தண்ணீர் வருமுன், தண்ணீர் வந்தபின். அந்தத் தலைப்ப நான் தூக்கத்துலகூட அடிப்பேன். அஞ்சு ஊர்ல நோட்டு குடுத்தாங்களாம், நாலு ஊருக்கு மழைத் தண்ணிதான், ஒரே ஒரு ஊருக்கு மட்டும் போர் வந்துச்சாம். உங்க ஊர்தானடி அது? நீ படிச்சதில்ல?" நான் எங்கே படித்தேன், இங்கிலீஷில் நூறு பக்கம், அட்டையில் ஊர் மூன்று என்றுதான் போட்டிருக்கும், எந்த ஊருக்கு எந்த எண் என்று எனக்கு யார் சொன்னார்கள். போர் போட்ட வருஷம். நான் பத்தாவது படித்த வருஷம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம். மூன்றும் ஒன்றுதான், ஒரே வருஷம், ஐயோ, ஒரே வருஷம்.

பச்சை அட்டை நோட்டு. நொச்சிக்காட்டுப்புதூரில் எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வீட்டில் யார் யார் சொந்தக் காட்டில் தினம் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுத வேண்டும், ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி. ஆண்கள் பத்தியை ஆண்கள் எழுதிக்கொண்டார்கள். பெண்கள் பத்தியை எழுத நான்தான். தெருவிலேயே எழுத்து அழகாக இருப்பது இவளுக்குத்தான் என்று அப்பா பெருமைக்குச் சொல்லிவைத்தது, பதினோரு நோட்டும் என் தலையில் வந்து விழுந்தது. முதல் வருஷம் நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள் மாதிரிதான் இருந்தேன். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போவேன். பழனாத்தா அக்கா கால் கழுவிக்கொண்டே சொல்லும், "வெடியால ஏழு மணிக்கு எறங்குனேன் கண்ணு, நடுவால வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன், மறுக்காப் போயி இப்பத்தான் வர்றேன், நீயே கூட்டிப் போட்டுக்கோ." நான் விரல்விட்டுக் கூட்டுவேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினதைக் கழித்துவிடுவேன், அவ்வளவு கறார். ஒரு வீட்டில் வறுத்த கடலை கொடுப்பார்கள், ஒரு வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவார்கள், ருக்குமணிச் சித்தி மட்டும் ஒன்றும் கொடுக்காமல், "எங்களையெல்லாம் எழுதி எந்த ராசாகிட்டடி குடுக்கப்போற" என்று கேலி பேசும். எட்டு, எட்டு, ஏழரை, எட்டு. அதெல்லாம் நிஜம். அந்த இடது பக்கத்துப் பொம்மை ஒவ்வொன்றும் நிஜம், வேண்டுமானால் பாப்பா தலையில் கை வைத்துச் சொல்வேன். வேண்டாம், பாப்பா தலையில் வேண்டாம். என் தலையில்.

அடுத்த வருஷம் தெருவில் வரிசையாகப் போர் போட்டார்கள், சோளக் காடெல்லாம் மஞ்சள் காடு ஆனது. சித்திரையில் அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆறு மாசம் குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா, அம்மாவுக்கு ஆறு மாசம் ஒரு வருஷமாக நீண்டது, கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், எப்பவாவது எழுந்து வாய்க்கால் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருவாள், அதுதான் அரை மணி, அதுதான் ஒரு மணி. சோறு நான், மாடு நான், பத்தாவது நான். பதினோரு நோட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கையில் வரும். மற்ற வீடுகளுக்குக் கேட்கப் போனேன், போகாமல் இல்லை, முதல் மாசம் போனேன். மஞ்சளுக்குக் களை எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வருவார்கள், பழனாத்தா அக்கா வாசல்படியில் அப்படியே சாய்ந்துகொண்டு, "அடப் போ கண்ணு, முதுகு பொளந்து கெடக்குது, இப்ப மணிக் கணக்குச் சொல்ற நேரமா, உன் இஷ்டத்துக்கு எதையாச்சும் போட்டுக்கோ" என்றது. போன வருஷத்து நோட்டைத் துறையிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண்முன் விரிந்திருந்தது எங்கள் வீட்டு நோட்டு ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் பார்த்து எழுதுகிறோமே, அதே மாதிரி, கை தானாகப் போனது. அம்மாவுக்கு ஒன்று என்றால் பழனாத்தாவுக்கு ஒன்றரை. அம்மாவுக்கு அரை என்றால் ருக்குமணிச் சித்திக்கு ஒன்று, அதற்கடுத்த வீட்டுக்குச் சைபர். அப்படியே பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும், அரை மணி கூட்டி அரை மணி குறைத்து, நடுவில் ஒரு நாள் அமாவாசை என்று எல்லாருக்கும் கோடு போட்டு, என்ன சாமர்த்தியம், என்ன சாமர்த்தியம், அந்தச் சாமர்த்தியத்தைக் கணக்குப் பரீட்சையில் காட்டியிருந்தால் நூற்றுக்கு நூறு. ஒரு வருஷம் முழுக்க எங்கள் தெருவில் பத்துப் பெண்களை எங்கம்மாவின் கட்டிலில் படுக்கவைத்துவிட்டேன். அவர்கள் காட்டில் குனிந்துகொண்டே இருந்தார்கள், நோட்டில் படுத்துக்கொண்டே இருந்தார்கள்.

மேடம் கேட்கவே இல்லையா? கேட்டார். கேட்டாரே. வருஷக் கடைசியில் ஜீப்பில் வந்தார், காட்டன் சேலை, கண்ணாடி, நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். கோயில் மரத்தடியில் ஆண்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "இந்த ஊர்ல பெண்கள் இப்ப காட்டுக்கு அவ்வளவா போறதில்லையா?" என்று அவர்களிடம்தான் கேட்டார், பெண்களைக் கேட்க ஒரு பெண்கூட ஊருக்குள் இல்லை, எல்லாரும் மஞ்சள் வெட்டப் போயிருந்தார்கள், அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பழனாத்தா அக்காவின் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார், "போர் வந்துருச்சுங்களே, இனி எங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு என்னங்க வேல, ராணியாட்ட ஊட்லயே இருக்கறாங்க." ஆமாங்க ஆமாங்க என்றார்கள் மற்றவர்கள். பெண்ணைக் காட்டுக்கு அனுப்பாத வீடு என்றால் அது ஒரு கௌரவம், சம்பந்தம் பேச வருகிறவர்களிடமும் அப்படித்தான் சொல்வார்கள், மேடத்திடமும் அப்படியே சொல்லிவிட்டார்கள். நான் டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பித்தோம் என்று நினைத்தேன். மேடம் என்னைப் பார்த்து, "இத்தனை நோட்டும் எழுதினது நீயா? முத்து முத்தா இருக்கே" என்றார். வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதும் இதைத்தான் சொன்னார், உன் கையெழுத்து எனக்கு ஞாபகம் இருக்கு கோகிலவாணி. அப்போது பூரித்துப்போனேன். இப்போது காது எரிகிறது. இந்த ஏசிக் குளிரிலும் எரிகிறது.

மேடத்தின் மாணவர் ஒருவர் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கிறார். துறையில் சேர்ந்தபோது ஆண்கள் பத்தொன்பது பேர், மேடம் ஒருத்தர். சாகுபடிச் செலவு நோட்டில் பெண்கள் உழைப்புக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று நாலு வருஷம் சண்டை போட்டாராம், வீட்டுக்காரி காட்டில் நிற்பதெல்லாம் பொருளாதாரமா என்று கேட்டார்களாம், பஸ் போகாத ஊருக்கெல்லாம் நடந்தே போய், நெல்லின் விலைக்குள் ஒரு பெண்ணின் முதுகுவலி இல்லையா என்று கேட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றாராம். அந்தப் பத்தியை மேடம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்தியில்தான் நான் பார்த்து எழுதினேன். அப்புறம் அந்தக் கோடு, மணிலாவுக்கு அழைத்தார்கள், ரோமுக்கு அழைத்தார்கள், டெல்லியில் குழு, பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம், பதினாலு பேர் அதே கோட்டை வைத்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீர் வசதி வந்தால் பெண்கள் நிலத்தைவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்ற இந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படையில், என்று வாசிக்கிறார் மாணவர், பாசன ஊர்ப் பெண்களுக்கு வீட்டிலிருந்தே தொழில் செய்ய. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தையல் மெஷின்! அடக் கடவுளே, அந்தத் தையல் மெஷின்! ஒரு நாள் லாரியில் பதினோரு தையல் மெஷின் வந்து இறங்கியது, களையெடுக்கிற மெஷின் ஓட்டும் பயிற்சிக்கு ஆண்களை மட்டும் கூட்டிப்போனார்கள், எங்களுக்கும் அதக் கத்துக்குடுங்க சாமி, நாங்கதான களை எடுக்கறோம் என்று அம்மா கேட்டதற்கு உங்க ஊர்ப் பொம்பளைங்க காட்டுக்குப் போறதில்லன்னு பட்டியல்ல இருக்கும்மா என்றார்கள். எந்த மடையன் போட்ட பட்டியல் என்று அம்மா ஒரு வாரம் திட்டினாள், நானும் சேர்ந்து திட்டினேன். ருக்குமணிச் சித்தி வீட்டு மெஷினில் இன்றைக்கும் எருமைக் கன்றைத்தான் கட்டுகிறார்கள். அந்த மடையன் நான்தான். பத்தாவது படித்த அந்த மடையன்.

இந்தத் திட்டம் வரும் ஆண்டு முதல் மேலும் நான்கு மாவட்டங்களுக்கு விரிகிறது, மேடம் அதற்குத் தலைவர், அடுத்த வாரம் கையெழுத்து. நான்கு மாவட்டம். எத்தனை தெரு, எத்தனை பழனாத்தா. சொல்லிவிடலாம். சொல்ல வேண்டாம். அறுபது வயசு, இன்றைக்குத்தான் விழா, பட்டுச் சேலை கட்டியிருக்கிறார், அவர் பட்டுக் கட்டி நான் பார்த்ததே இல்லை, காதில் மல்லிகை இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷியிடம் போய் உங்கள் கோடு எங்கம்மாவின் ஆபரேஷன் என்று எந்த வாயால் சொல்வது. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு அவர் துறையில் இருக்கமாட்டார். கடிதம் எழுதலாம், என் கையெழுத்திலா, ஐயோ. யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள், பதினாறு வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை, இருக்கட்டும், சும்மா இரு கோகிலா, பிள்ளையைப் பார். பாப்பா முந்தானையை இழுக்கிறாள், பசி, பால் சுரந்து ரவிக்கை நனைகிறது, நான் துண்டைப் போர்த்திக்கொண்டு அவளை மார்போடு சேர்த்தேன். எத்தனை தடவை பால் கொடுத்தாய் என்று கேட்டால் நான் சரியாகச் சொல்வேன், யாராவது எனக்குப் பதிலாகச் சைபர் என்று எழுதிவைத்தால் விடுவேனா, தலைமுடியைப் பிடித்து ஆட்டிவிடமாட்டேனா. "அக்கா," என்றேன், "ஒரு நோட்டு தப்பா இருந்தா என்ன பண்ணுவாங்க?" "எந்த நோட்டுடி?" "சும்மா கேக்கறேன்." "தூக்கிப் போட்டுட்டு மத்த நோட்டப் பாப்பாங்க." "எல்லா நோட்டும் தப்பா இருந்தா?" லூர்து அக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எழுதினவள வேலைய விட்டுத் தூக்குவாங்க. எதுக்குடி கேக்கற? வயித்துல புளியக் கரைக்கற."

வேலை போகும். அதுவும் இருக்கிறது. பாப்பாவுக்கு ஊசி, வாடகை, அவள் அப்பாவுக்கு மில்லில் மாசத்தில் பாதி நாள்தான் வேலை, என் சம்பளம்தான் அடுப்பு. ஆனால் அதுகூட இல்லை, வேலை போனால் மஞ்சள் வெட்டுவேன், எனக்கென்ன கை இல்லையா. மேடத்தின் முகத்தை நினைத்தால்தான் குளிர் எடுக்கிறது. அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, இந்தக் கோடுதான். என் விரலைப் பிடித்து ஒரு உயிர் தொங்குகிற மாதிரி, நான் விரலை எடுத்தால் விழுந்துவிடுகிற மாதிரி. எடுக்காவிட்டால் நான்கு மாவட்டம். அந்தப் பெண்களை எனக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் முதுகை எனக்குத் தெரியும். நான் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில். இல்லை, ஆண்கள் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு. இல்லை, மேடம் மட்டும் ஒரு நடை மஞ்சள் காட்டுக்குள் வந்திருந்தால். கால் கிலோமீட்டர்தான். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து முட்டுகிறது, செக்குமாடு கணக்காக. "ஆய்வுக் கிராமத்தின் சார்பில், பொன்னாடை அணிவிக்க, திருமதி கோகிலவாணி." அக்கா என்னைத் தள்ளினாள், "எந்திரிடி, பாப்பாவக் குடு." குடுக்கவில்லை, அவளைக் குடுத்துவிட்டால் என் கால் ஓடிவிடும், இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறினேன். நாலு படி. மேடம் எழுந்து பாப்பாவின் கன்னத்தைத் தொட்டார். பொன்னாடையை விரிக்கும்போது ஒரு முனை நழுவியது, அவரே பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், தலை என் பக்கம் சாய்ந்தது, காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில்.

"மேடம், அந்த வலது பக்கத்துத் தாள் பொய்யுங்க. அந்த வருஷம் எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்துச்சு. எங்கம்மா நோட்டப் பாத்து எல்லார் நோட்டும் நான் எழுதிட்டேன்." மேடம் பொன்னாடையைப் பிடித்தபடி கேட்டார். "எத்தனை வீடு?" உதடு மட்டும் அசைந்தது. "பத்துங்க மேடம். எங்க வீடு மட்டும் நெசம்." "அப்ப அவங்க நிஜமா எத்தனை மணி?" "பொழுதுக்கும் மேடம். முந்தின வருஷத்தவிட ஜாஸ்தி." போட்டோக்காரர் கத்தினார், "மேடம் இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க." மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக்கூடாது. வெளிச்சம் அடித்தது, பாப்பா சிணுங்கினாள், மேடத்தின் விரல் என் மணிக்கட்டில் இருந்தது, வளையல் அழுந்துகிற அளவுக்கு, அவர் பிடித்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. அப்புறம் விட்டார். நான் படியை நோக்கித் திரும்பினேன். பேசிவிட்டேன், செத்தேன், இனி இறங்கி நடந்தால் போதும், கதவு அதோ இருக்கிறது.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். லூர்து அக்கா அடித்துக் கொடுத்த நாலு தாளோடு மேடம் மைக் முன்னால் போய் நின்றார். "அனைவருக்கும் வணக்கம்" என்றார். தாளைப் பார்த்தார், திரும்பித் திரையைப் பார்த்தார், சிவப்புக் கோடு இன்னும் அங்கேயே சரிந்துகொண்டிருந்தது, வெகுநேரம் பார்த்தார், யாரோ தண்ணீர் கொண்டுபோய் நீட்டினார்கள், வாங்கவில்லை. நான் இரண்டாவது படியில் ஒரு காலும் மூன்றாவதில் ஒரு காலுமாக நின்றேன், இறங்கவும் தெரியவில்லை, ஏறவும் தெரியவில்லை. "கோகிலவாணி, போகாத" என்றார் மைக்கிலேயே, அது நாலு பக்கமும் இடித்துத் திரும்பி வந்தது. "இந்தப் பொண்ணு இப்ப எங்கிட்ட ஒண்ணு சொன்னா. நான் பேச வேண்டியத அவ சொன்னதுக்கு அப்புறம்தான் பேசணும்." துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மறுபடி ஏறிப் போனேன். மேடம் மைக்கின் கழுத்தைப் பிடித்து என் உயரத்துக்கு வளைத்தார். "காதுல சொன்னத இதுல சொல்லு." கோபமா என்று தெரியவில்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட பலகை. முந்நூறு தலை. முன்வரிசையில் அந்தப் பதினாலு டாக்டர்கள். பாப்பா மைக்கைப் பிடிக்கத் தாவினாள், அவள் கையை என் கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"வணக்கமுங்க. நான் நொச்சிக்காட்டுப்புதூர் மயிலாத்தா மகள் கோகிலவாணி. அந்த வலது பக்கத்துத் தாள எழுதினது நான்தானுங்க. அதுல இருக்கறது ஒரே ஒரு பொம்பளதானுங்க, எங்கம்மா, ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தாங்க. மீதிப் பத்துப் பேரும் காட்டுலதானுங்க இருந்தாங்க."